ஏணியும் வேலியும்: பிரெஞ்சு இலக்கணம் பயின்றோரின் வரலாறு



மொழியின் வரலாறு என்றால் அது புலவர்களின் வரலாறு, அரசர்களின் வரலாறு என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். ஒரு மொழியைப் புதிதாகக் கற்றுக்கொள்ள எழுதுகோலும் ஏடுமாக உட்கார்ந்தவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. அந்த வரலாற்றில் ஒரு பகுதியைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். நாம் எடுத்துக்கொள்ளும் மொழி பிரெஞ்சு.

'தோட்டத்து லயத்தில் இருக்கும் நமக்கும் பிரெஞ்சு இலக்கணத்துக்கும் என்ன உறவு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி என்று இரண்டு கரைகளுக்கு நடுவே நின்ற ஏழைப் பிள்ளைகள் பிரான்சு நாட்டிலேயே இலட்சக்கணக்கில் இருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? அவர்களுக்குப் பிரெஞ்சு இலக்கணம் மேலே ஏறும் ஏணியாகவும் இருந்தது. உள்ளே விடாத வேலியாகவும் இருந்தது. எப்போது ஏணி ஆனது, எப்போது வேலி ஆனது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அந்த மொழியில் அப்படி என்ன கடினம் என்று பார்ப்போம்.

தமிழில் 'பேசுகிறேன்' என்றால் பேசுபவர் நான். 'பேசுகிறாய்' என்றால் நீ. 'பேசுகிறான்' என்றால் அவன். சொல்லின் கடைசிப் பகுதி மாறுகிறது. அந்த மாற்றம் காதிலும் விழுகிறது. பிரெஞ்சிலும் நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆறு இடங்கள் உண்டு. பேசுதல் என்னும் வினையை எடுத்துக்கொண்டால், நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கு இடங்களிலும் வாய் சொல்வது ஒரே ஒலிதான்: 'பார்ல்'. 'நாம்' வரும்போது 'பார்லோன்', 'நீங்கள்' வரும்போது 'பார்லே'. ஆக, காதுக்கு மூன்றே வடிவங்கள். எழுதும்போதோ ஐந்து வடிவங்கள்! நீ என்றால் ஓர் எழுத்துக் கூடும். அவர்கள் என்றால் வேறு இரண்டு எழுத்துகள் கூடும். அவற்றை யாரும் உச்சரிப்பதில்லை. கண்ணுக்கு மட்டும் தெரியும் ஊமை எழுத்துகள் அவை.

இதோடு முடிந்ததா? இல்லை. தமிழில் பொருளைப் பார்த்தே பால் சொல்கிறோம். பிரெஞ்சிலோ உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. சூரியன் ஆண்பால், நிலா பெண்பால். புத்தகம் ஆண்பால், மேசை பெண்பால், வீடு பெண்பால். ஏன் என்று கேட்டால் எளிதில் விடை கிடைக்காது. பழகித்தான் வரவேண்டும். அந்தப் பால் தெரிந்தால்தான் அடுத்து வரும் அடைமொழியைச் சரியாக எழுத முடியும்.

ஆகவே, பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவனுக்கும் அதை எழுதுவது தனியாகக் கற்க வேண்டிய ஒரு கலையாயிற்று. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பிரெஞ்சு இலக்கணத்தை விரிவாக எழுதி அச்சிட்ட முதல் ஆசிரியர் யார்? பிரெஞ்சுக்காரராகத்தான் இருப்பார் என்று தோன்றும். அவர் ஓர் ஆங்கிலேயர்! லண்டனைச் சேர்ந்த ஜான் பால்ஸ்கிரேவ் என்பது அவர் பெயர். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் தங்கை மேரிக்குப் பிரெஞ்சு கற்பித்தவர். 1514-ஆம் ஆண்டு அந்த இளவரசியைப் பிரான்சு மன்னர் பன்னிரண்டாம் லூயிக்கு மணம் முடித்தார்கள். கணவனின் மொழியை அவள் பேச வேண்டும் அல்லவா? அந்தப் பணிக்குத்தான் பால்ஸ்கிரேவ். பின்னர், 1530-இல், தம் அனுபவம் முழுவதையும் திரட்டி ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட ஒரு நூலாக அவர் வெளியிட்டார். நூலின் தலைப்பு பிரெஞ்சில், விளக்கங்கள் ஆங்கிலத்தில்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தாய்மொழியாகப் பேசுகிறவனுக்கு 'ஏன் இப்படிச் சொல்கிறோம்?' என்ற கேள்வி எழுவதில்லை. வெளியிலிருந்து வந்து கற்கிறவனுக்கோ அடிக்கு அடி அந்தக் கேள்வி எழுகிறது. இலக்கணம் என்பது பல வேளைகளில் கற்கிறவனின் கேள்விக்குக் கிடைத்த விடையே. பிரான்சிலும் இலக்கண நூல்கள் தோன்றின. 1531-இல் ஜாக் துபுவா என்பவர் ஒன்று எழுதினார். ஆனால் அதை இலத்தீன் மொழியில் எழுதினார். பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பட்ட பிரெஞ்சு இலக்கணம் 1550-இல் லூயி மெக்ரே என்பவரால்தான் வந்தது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே பால்ஸ்கிரேவின் பெரிய நூல் அச்சாகிவிட்டது.

அந்த நூலுக்கு என்ன நேர்ந்தது தெரியுமா? 750 படிகள் அச்சிட ஒப்பந்தம் ஆயிற்று. ஆனால் தம் அனுமதியின்றி யாருக்கும் விற்கக் கூடாது என்று பால்ஸ்கிரேவ் அச்சகத்தாருக்குக் கட்டளையிட்டிருந்தார். ஸ்டீபன் வாகன் என்பவர் தமக்கு ஒரு படி வாங்கித் தரும்படி செல்வாக்குள்ள தாமஸ் குரோம்வெலுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. புத்தகம் எல்லார் கைக்கும் போய்விட்டால் பிரெஞ்சு கற்பித்து வரும் வருமானம் குறைந்துவிடும் என்ற அச்சமே அந்தத் தடைக்குக் காரணம் என்று அக்கடிதம் சொல்கிறது. இலக்கணத்தைச் சுற்றிப் போடப்பட்ட ஒரு வேலியை இங்கே பார்க்கிறோம்.

அதே நூற்றாண்டில் அதே லண்டனில் வேறொரு வகை ஆசிரியரும் இருந்தார். மதக் கொடுமைக்குத் தப்பிப் பிரான்சிலிருந்து ஓடிவந்த அகதி அவர். குளோத் தெசென்லியான் என்ற தம் பெயரை ஆங்கிலேயருக்கு ஏற்றபடி ஹோலிபாண்ட் என்று மாற்றிக்கொண்டு, பள்ளிக்கூடம் நடத்திப் பிழைத்தார். 1573-இல் அவர் வெளியிட்ட பாடநூலில் விதிகள் மட்டுமல்ல, உரையாடல்களும் இருந்தன. வாங்குவதும் விற்பதும், உண்பதும், வழி கேட்பதுமான அன்றாடப் பேச்சு அதில் பாடமாயிற்று. இளவரசிக்கு வேண்டிய மொழி வேறு. வணிகனுக்கு வேண்டிய மொழி வேறு. புத்தகக் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்கக்கூடிய நூலாக அது இருந்தது. அது பல பதிப்புகள் கண்டது.

இனி பிரான்சு நாட்டுக்குச் செல்வோம்.

1635-இல் அரசரின் முதலமைச்சர் ரிஷெலியு 'பிரெஞ்சுக் கழகம்' ஒன்றை நிறுவினார். 40 உறுப்பினர்கள். மொழிக்கு விதி வகுப்பதும், அகராதியும் இலக்கணமும் செய்வதும் அவர்கள் கடமை. அகராதியின் முதல் பதிப்பு 1694-இல் வந்தது. இலக்கணம் எப்போது வந்தது? 1932-இல்! ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்து. வந்த இலக்கணத்தையும் பெர்தினான் புரூனோ என்னும் மொழி வரலாற்றுப் பேரறிஞர் அதே ஆண்டிலேயே குறை எடுத்துக் காட்டி ஒரு நூல் எழுதிவிட்டார். ஆக, பெரியவர்கள் கூடிய சபை எழுதிய இலக்கணத்தை வைத்துப் பிரெஞ்சு மக்கள் கற்கவில்லை. கற்பிக்கும் ஆசிரியர்களும் கற்கும் மாணவர்களும் காத்துக்கொண்டிருக்கவில்லை.

அந்தக் கழகத்தைச் சேர்ந்த வோஜலா என்பவர் 1647-இல் எழுதிய குறிப்புகள் பெரும் செல்வாக்குப் பெற்றன. எது நல்ல பிரெஞ்சு? அரசவையில் உள்ள சிறந்தவர்கள் பேசுவதே நல்ல பிரெஞ்சு. இதுவே அவர் வகுத்த அளவுகோல். வயலில் ஏர் பிடிப்பவனின் பேச்சும் சந்தைக்காரியின் பேச்சும் அந்த அளவுகோலுக்குள் வரவில்லை.

1789-இல் புரட்சி வந்தது. அரசவை கவிழ்ந்தது. அரசவையின் மொழி கவிழ்ந்ததா? இல்லை. 1794-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கிரெகுவார் என்ற பாதிரியார் நாட்டுப் பேரவையின் முன் ஓர் அறிக்கை படித்தார். நாடு முழுவதும் கேள்விகள் அனுப்பி விடை திரட்டி எழுதிய அறிக்கை அது. நாட்டில் அப்போது இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் இருந்தனர். அவர்களில் 60 இலட்சம் பேருக்குப் பிரெஞ்சே தெரியாது. இன்னுமொரு 60 இலட்சம் பேரால் தொடர்ந்து பிரெஞ்சில் உரையாட முடியாது. திருத்தமாகப் பேசக்கூடியவர்கள் 30 இலட்சத்துக்கு மேல் இல்லை. இதுதான் அவர் சொன்ன கணக்கு. மற்றவர்கள் பேசியவை என்ன? மேற்கே பிரெத்தோன் மொழி, தெற்கே ஒக்சித்தான், எல்லைகளில் பாஸ்க், கத்தலான், பிளெமிஷ், ஜெர்மானியக் கிளைமொழிகள், தீவில் கோர்சிக்கன்.

கிரெகுவார் நல்ல எண்ணம் உடையவர்தான். அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர். சட்டம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழி தெரியாதவன் தன் உரிமையைக் கேட்க முடியாது என்று அவர் கண்டார். அது உண்மை. ஆனால் அவர் அறிக்கையின் தலைப்பு என்ன? வட்டார மொழிகளை ஒழித்துப் பிரெஞ்சை எங்கும் பரப்ப வேண்டிய அவசியத்தையும் வழிகளையும் பற்றியது அது. ஒரு மொழியைக் கொடுப்பதற்கு இன்னொரு மொழியைப் பறிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே விதையாக விழுந்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிகள் பெருகின. 1833-இல் வந்த கீசோ சட்டம் ஒவ்வோர் ஊராட்சியும் ஓர் ஆரம்பப் பள்ளிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. 1881-இல் ஜூல் பெரி என்ற அமைச்சரின் முயற்சியால் அரசு ஆரம்பப் பள்ளிகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1882-இல் 6 வயது முதல் 13 வயது வரை கல்வி கட்டாயமாயிற்று. உழவன் வீட்டுப் பிள்ளையும் சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் இலக்கணப் புத்தகத்தைத் திறந்தார்கள்.

அவர்கள் எப்படிப் பயின்றார்கள்? இரண்டு பயிற்சிகள் முதன்மையாக இருந்தன. ஒன்று, வினைச்சொற்களை எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் வாய்பாடுபோல் ஒப்புவிப்பது. பெஷ்ரெல் என்ற சகோதரர்கள் 1842-இல் வினைத் திரிபுகளுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார்கள். காலப்போக்கில் அவர்களின் குடும்பப் பெயரே அத்தகைய புத்தகத்தின் பெயராகிவிட்டது. இன்றும் பிரான்சில் மாணவன் 'பெஷ்ரெலைப் பார்' என்றால் வினைத் திரிபு நூலைப் பார் என்றே பொருள்.

மற்றொன்று, சொல்வதெழுதுதல். ஆசிரியர் வாசிப்பார், பிள்ளைகள் எழுதுவார்கள். நம் பள்ளிகளிலும் நடப்பதுதானே என்பீர்கள். முன்னே சொன்ன ஊமை எழுத்துகளை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் 'பார்ல்' என்கிறார். யார் பேசுகிறார்? ஒருவனா, பலரா? வாக்கியத்தைத் திரும்பிப் பார்த்து, எழுவாயைக் கண்டுபிடித்து, அதன் பிறகே கடைசி எழுத்தை எழுத முடியும். ஆகவே, அங்கே சொல்வதெழுதுதல் என்பது வெறும் எழுத்துப் பயிற்சி அல்ல. சொல்லுக்குச் சொல் இலக்கணப் பரீட்சை.

ஒரு விதியை மட்டும் எடுத்துக்காட்டுவோம். 'நான் ஆப்பிள்களைத் தின்றேன்' என்ற பொருளில் எழுதும்போது 'தின்ற' என்பதற்கான சொல் மாறுவதில்லை. 'நான் தின்ற ஆப்பிள்கள்' என்ற பொருளில் ஆப்பிள்கள் முன்னே வந்துவிட்டால், அதே சொல்லின் முடிவில் பெண்பாலுக்கு ஓர் எழுத்தும் பன்மைக்கு ஓர் எழுத்தும் சேர்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் காதில் விழுவது 'மான்ஜே' ஒன்றுதான்! பதினாறாம் நூற்றாண்டில் கிளெமான் மாரோ என்ற கவிஞர் இத்தாலி மொழியைப் பார்த்து இந்த விதியைப் பரிந்துரைத்தார். பின்னால் வந்த பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதில் தடுக்கி விழுந்தார்கள். 1900-இல் கல்வி அமைச்சு தேர்வுகளில் இதைத் தளர்த்த முயன்றது. பிரெஞ்சுக் கழகம் எதிர்க்கவே, 1901-இல் வந்த ஆணையில் அந்தத் தளர்வு சுருங்கிவிட்டது.

சொல்வதெழுதுதலைப் பற்றி ஒரு கதை பிரான்சில் வழங்குகிறது. 1857-இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் மாளிகையில் பொழுதுபோக்குக்காக எழுத்தாளர் மெரிமே ஒரு கடினமான பகுதியை வாசித்தாராம். பேரரசர் 75 பிழைகள் செய்தார், பேரரசி 62, ஆஸ்திரியாவைச் சேர்ந்த மெட்டர்னிக் 3 பிழைகள்தாம் செய்தார் என்பார்கள். எண்ணிக்கை எப்படியோ, கதை சொல்லும் செய்தி கூர்மையானது. அரியணையில் பிறந்தாலும் இலக்கணம் தானாக வராது. வெளிநாட்டிலிருந்து வந்தாலும் பயின்றவனுக்கு வரும்.

பேரரசருக்கு அது விளையாட்டு. ஏழைப் பிள்ளைக்கு அது வாழ்வு. ஆரம்பக் கல்வி முடிவில் ஒரு சான்றிதழ்த் தேர்வு இருந்தது. அதில் சொல்வதெழுதுதலும் உண்டு. ஐந்து பிழை விட்டால் அந்தப் பாடத்தில் சுழியம்; சுழியம் வாங்கினால் தேர்வே கைநழுவிப் போகும். அந்தச் சான்றிதழ் சிறு உத்தியோகங்களுக்கு வழி திறந்தது. அதனால் குடிசைச் சுவரில் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். ஆனால், தேறுவார்கள் என்று நம்பிய பிள்ளைகளையே பல ஆசிரியர்கள் தேர்வுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் தேர்வு மேசைக்கே போகாமல் வயலுக்குத் திரும்பினார்கள். இந்தத் தேர்வு 1989-இல்தான் முற்றாக நீக்கப்பட்டது.

அந்தப் பயிற்சி வீணாயிற்றா? வீணாகவில்லை. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது பதுங்குகுழிகளில் கிடந்த சாதாரணச் சிப்பாய்கள் தாய்க்கும் மனைவிக்கும் தங்கள் கையாலேயே கடிதம் எழுதினார்கள். அவர்களில் மிகப் பலர் கட்டாயக் கல்வியில் படித்த உழவர் வீட்டுப் பிள்ளைகள். பிழைகள் இருந்தன, ஆயினும் மனத்தில் உள்ளதைச் சொன்னார்கள். இன்னொருவரைக் கெஞ்சி எழுதச் சொல்லும் நிலை அவர்களுக்கு இல்லை. இது ஏணி.

இப்போது வேலியின் கதையைச் சொல்ல வேண்டும்.

மேற்குக் கடற்கரையில் பிரெத்தாஞ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே மக்கள் பேசியது பிரெத்தோன் மொழி. பிரெஞ்சுக்கும் அதற்கும் நெருங்கிய உறவு இல்லை. அங்குள்ள பள்ளிகள் பலவற்றில் ஒரு தண்டனை இருந்தது. பள்ளியில் தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டையோ பழைய மரச்செருப்பையோ மாட்டுவார்கள். அதைக் கழற்ற ஒரே வழி, தாய்மொழி பேசும் இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடித்துக் காட்டிக்கொடுப்பது. மாலையில் யார் கழுத்தில் அது இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்குத் தண்டனை. பெற்றோர் என்ன செய்தார்கள்? பிள்ளை பிரெஞ்சு கற்றால்தான் நல்ல வேலைக்குப் போகலாம் என்று எண்ணி, பலர் பள்ளியின் பக்கமே நின்றார்கள்.

அந்தப் பகுதியில் 1914-இல் ஓர் ஏழைக் குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர் பியேர் ஜாக்கேஸ் எலியாஸ். பள்ளிக்குப் போகும்வரை அவருக்குத் தெரிந்தது பிரெத்தோன் ஒன்றே. பிரெஞ்சு இலக்கணத்தை அந்நிய மொழியாகவே அவர் பயின்றார். உதவித்தொகை பெற்று மேலே படித்தார். பின்னாளில் கெம்பேர் நகர ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பிரெஞ்சு கற்பிக்கும் பேராசிரியரே ஆனார்! ஏணியின் உச்சிக்கு ஏறியவர் அவர். ஏறியவர் தாம் ஏறிவந்த தரையை மறந்தாரா? 1946 முதல் வானொலியில் பிரெத்தோன் மொழி நிகழ்ச்சிகளை நடத்தினார். கூலி வேலை செய்வோரும் மீன் பிடிப்போரும் தங்கள் வீட்டு மொழியை ஒரு பெட்டியிலிருந்து கேட்டார்கள். 1975-இல் அவர் தம் ஊரையும் பள்ளியையும் பற்றி எழுதிய 'பெருமிதக் குதிரை' என்ற பொருள்படும் நூல் பிரான்சு முழுவதும் பெருமளவில் விற்பனையாயிற்று. கழுத்தில் மாட்டப்பட்ட அந்தத் தண்டனைச் சின்னத்தைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எலியாஸ் பிரெஞ்சில் வல்லவரானது நாள்தோறும் செய்த பயிற்சியாலா, கழுத்தில் தொங்கிய சின்னத்தாலா? சின்னம் ஒரு வினைத் திரிபையும் கற்றுக்கொடுக்காது. அது கற்றுக்கொடுத்தது வெட்கத்தை. அந்த வெட்கத்தால் பல்லாயிரம் குடும்பங்கள் தம் பிள்ளைகளிடம் தாய்மொழி பேசுவதையே நிறுத்திக்கொண்டன. பிற்காலத்தில் அரசும் மெல்ல மனம் மாறியது. 1951-இல் வட்டார மொழிகள் சிலவற்றைப் பள்ளியில் விருப்பப் பாடமாகக் கற்பிக்கச் சட்டம் இடம் தந்தது. 1977-இல் பிரெத்தோன் மொழிவழிப் பள்ளி ஒன்றைப் பெற்றோர்களே தொடங்கினர். 2008-இல் வட்டார மொழிகள் நாட்டின் மரபுச் செல்வம் என்று அரசியல் சட்டமே சொல்லலாயிற்று. ஆனால், இடையில் போன தலைமுறைகளின் நாவை எந்தச் சட்டத்தால் மீட்க முடியும்?

பயிற்சி வேண்டும், சரி. எத்தகைய பயிற்சி? இதற்கும் வரலாறு விடை தருகிறது.

பிரான்சுவா குவேன் என்ற பிரெஞ்சு ஆசிரியர் ஜெர்மன் மொழி கற்க ஹாம்பர்க் நகருக்குப் போனார். அறைக்குள் அமர்ந்து பத்தே நாளில் இலக்கணப் புத்தகத்தையும் 248 ஒழுங்கற்ற வினைச்சொற்களையும் மனப்பாடம் செய்தார். பிறகு கல்லூரிக்குப் போய் விரிவுரை கேட்டார். ஒரு வார்த்தையும் புரியவில்லை! மனம் சோர்ந்து ஊர் திரும்பியபோது, அவருடைய சிறு வயது மருமகன் தாய்மொழியைச் சரளமாகப் பேசிக்கொண்டிருந்தான். ஒருநாள் மாவு அரைக்கும் ஆலையைப் பார்த்துவிட்டு வந்த அந்தச் சிறுவன், மூட்டையில் தானியம் நிரப்புவது, ஆலைக்குக் கொண்டுபோவது, மாவு அரைப்பது என்று வரிசையாகச் செய்து காட்டி, செய்துகொண்டே சொல்லியும் காட்டினான். செயலும் சொல்லும் சேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது மொழி மனத்தில் தங்குகிறது என்று குவேன் கண்டார். 1880-இல் அதை நூலாக எழுதினார்.

அவர் முறை நமக்குப் புரியாததல்ல. 'கத்தியைத் தீட்டுகிறேன், மரத்தடிக்குப் போகிறேன், கோட்டுப்பாலை உரிக்கிறேன், பட்டையைச் சீவுகிறேன், மங்கை வைக்கிறேன், பால் வடிகிறது' என்று ஒரு வேலையை அதன் வரிசையிலே சொல்வதுதான் அது. அதையே நேற்றுச் செய்ததாகவும் நாளை செய்யப் போவதாகவும் மாற்றிச் சொன்னால் காலங்கள் மூன்றும் பாடமாகிவிடும்.

1951-இல் ஜார்ஜ் கூகெனெம் என்ற மொழியறிஞரின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. வெளிநாட்டார்க்கும் புதிதாகக் கற்போர்க்கும் எந்தப் பிரெஞ்சை முதலில் கற்பிப்பது என்று ஆராய்வது அதன் பணி. அரசவையைப் பார்த்துப் பேசச் சொன்ன காலம் மலையேறிவிட்டது. ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு சாதாரண மக்களின் பேச்சைப் பதிவு செய்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார்கள். அதில் ஒரு வியப்பு! முள்கரண்டி போன்ற அன்றாடப் பொருளின் பெயர் அந்தப் பேச்சுகளில் மிக அரிதாகவே வந்தது. தினமும் கையாளும் பொருளைப் பற்றி யாரும் தினமும் பேசுவதில்லை! ஆகவே சமையலறை, உடை, உடல், தொழில் என்று தலைப்புத் தலைப்பாக மக்களிடம் கேட்டு, அத்தகைய சொற்களைத் தனியே சேர்த்தார்கள். முடிவில் தொடக்க நிலைக்கு ஏறத்தாழ 1,500 சொற்கள் கிடைத்தன. இலக்கணத்திலும் எழுத்தில் மட்டுமே வாழும் ஓர் இறந்தகால வடிவத்தை ஒதுக்கிவிட்டு, வாய் பேசும் வடிவங்களை முதலில் வைத்தார்கள். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் இலக்கணம் அரண்மனையிலிருந்து அடுப்படிக்கு வந்து சேர்ந்தது.

பெற்றோர்களே! நம் பிள்ளைகளும் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் பயில்கிறார்கள். பிரெஞ்சில் 'பார்ல்' போல, மலாயில் 'பாச்சா' என்ற சொல் 'மெம்பாச்சா' என்றும் 'டிபாச்சா' என்றும் மாறும் இடங்களை அவர்கள் பழக வேண்டும். படிக்கிறான், படிக்கப்படுகிறது என்ற வேறுபாடு அது. பிள்ளை அதில் தடுமாறினால் 'உன் மண்டையில் ஏறாது' என்று சொல்லிவிடாதீர்கள். பேரரசருக்கே 75 பிழை வந்ததாகக் கதை இருக்கிறது!

மாலையில் விளக்கு வைத்த பிறகு பத்து நிமிடம் போதும். மூத்த பிள்ளை வாசிக்கட்டும். இளைய பிள்ளை எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து இருவருமே பிழையைத் தேடட்டும். எண்ணிக்கையைக் குறித்து வைத்தால், இந்த வாரம் பத்தாக இருந்தது அடுத்த வாரம் ஏழாவதைக் கண்ணால் பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் உதவலாம். 'சோறு ஆக்கினேன்' என்று நீங்கள் தமிழில் சொல்லுங்கள்; பிள்ளை அதை மலாயில் சொல்லட்டும். 'நாளைக்கு ஆக்குவேன்' என்று மாற்றுங்கள், பிள்ளையும் மாற்றட்டும். தாய்மொழி இங்கே தடையாக நிற்கவில்லை. ஏணியின் முதல் படியாக நிற்கிறது.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இந்த வரலாற்றில் பாடம் உண்டு. 1946-இல் பிரான்சில் வெளிவந்து பல தலைமுறைகளுக்குத் துணையான எழுத்துப் பயிற்சி நூலை எழுதியவர்கள் பெரும் புலவர்கள் அல்லர். எதுவார், ஒதெத் பிளெட் என்ற கணவனும் மனைவியும் எழுதினார்கள். இருவரும் பள்ளி ஆசிரியர்கள். பிள்ளைகள் எங்கே பிழை விடுகிறார்கள் என்று வகுப்பறையில் பார்த்தவர்கள். பிழை என்பது தண்டிக்க வேண்டிய குற்றம் அல்ல; அடுத்த பயிற்சி எது என்று ஆசிரியருக்குக் காட்டும் அடையாளம்.

பூட்டிவைத்த புத்தகமும் கழுத்தில் மாட்டிய மரத்துண்டும் யாருக்கும் பிரெஞ்சு கற்றுத் தரவில்லை. கற்றுத் தந்தவை இலவசப் பள்ளியும், பொறுமையான ஆசிரியரும், விடாத பயிற்சியுமே. இரண்டாவது மொழி பிள்ளைக்குக் கூடுதல் செல்வம். முதல் மொழியை விற்றுத்தான் அதை வாங்க வேண்டும் என்பதில்லை. கெம்பேர் நகரில் பகலில் பிரெஞ்சு கற்பித்து, வானொலியில் பிரெத்தோன் பேசிய அந்த ஏழை வீட்டுப் பிள்ளை அதற்குச் சான்று.